பந்தயப் புறாவும் பெற்றோர் சான்றும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நாம் எல்லோரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த ஒரு புறாவைக் காக்கத் தன் உடலையே தராசில் ஏற்றியவன் அவன். அந்தப் புறா எந்த வம்சம், அதன் தாய் யார், தகப்பன் யார் என்று அவன் விசாரித்ததாகக் கதையில் எங்கும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிபியின் பெயரைச் சொல்லித்தான் சோழர்கள் தங்களைச் 'செம்பியன்' வழிவந்தோர் என்று பெருமை பேசிக்கொண்டார்கள். புறாவிடம் வம்சம் கேட்காத ஒரு மன்னனால் ஓர் அரச வம்சத்துக்கே பெயர் கிடைத்தது!

இன்றைய நிலைமை தலைகீழ். 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெல்ஜியத்தில் 'அர்மாண்டோ' என்ற ஒரு புறா பன்னிரண்டரை இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் 'நியூ கிம்' என்ற இரண்டு வயதுப் பெண் புறா 16 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று. நம் பணத்தில் பத்துக் கோடிக்கு மேல்! இரண்டையும் வாங்கியவர்கள் சீன நாட்டார். இத்தனை பணம் கொடுத்து வாங்கிய புறாவை யாரும் பந்தயத்தில் பறக்கவிட மாட்டார்கள். வழியில் ஒரு வல்லூறு அடித்துவிட்டால் பத்துக் கோடியும் வானத்தோடு போய்விடும். அதைக் கூண்டில் வைத்துக் குஞ்சு எடுப்பார்கள். அப்படியானால் அவர்கள் கொடுத்த விலை எதற்கு? இனி பிறக்கப் போகும் குஞ்சுகளுக்கு 'இன்னாருடைய பிள்ளை' என்று சொல்லிக்கொள்ளும் உரிமைக்கு.

அந்த உரிமை உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் என் மனத்தில் பட்டதைச் சொல்ல விரும்புகிறேன். கோடீசுவரர்களின் கவலையை ஓர் அரசுக் கல்லூரி மாணவி ஏன் சுமக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். கோடிக்காக நான் கவலைப்படவில்லை. பதினான்காயிரம் ரூபாய்க்காகக் கவலைப்படுகிறேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில் இருக்கிறது. அப்பா கொத்தனார். அண்ணன் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு இருசக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணனுக்கு ஒரே ஆசை புறா. மொட்டை மாடியில் பழைய பலகையும் கம்பி வலையும் வைத்து அவரே கட்டிய கூண்டில் பதினாறு ஹோமர் புறாக்கள் இருக்கின்றன. வேலைக்குப் போகுமுன் தண்ணீர் மாற்றி, கம்பும் சோளமும் பட்டாணியும் கலந்து போட்டுவிட்டுத்தான் அவர் காப்பியே குடிப்பார். மாதம் ஒரு முறை திண்டிவனத்துக்கோ செங்கற்பட்டுக்கோ கூடையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, வண்டியில் இவர் திரும்பி வருமுன் புறா வந்துவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் சீட்டுப் பணம் எடுத்து, சென்னைப் பக்கத்தில் ஒரு புறா வியாபாரியிடம் ஒரு ஜோடி வாங்கி வந்தார். விலை பதினான்காயிரம். 'பெல்ஜியம் இரத்தம்' என்றார் அந்த வியாபாரி. கூடவே கணினியில் வண்ணமாக அச்சடித்த ஒரு வம்சாவளித் தாளும் கொடுத்தார். அதில் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி, முப்பாட்டன் என்று நான்கு தலைமுறை. ஒவ்வொன்றின் பெயரும் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல யாருக்குடா நாலு தலைமுறை பேரு தெரியும்? உன் புறாவுக்குத் தெரியுதே" என்று சிரித்தார்கள். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட அண்ணன் யோசித்தார்.

நிற்க. சென்ற ஆண்டு எங்களுக்கு மரபியல் வகுப்பு தொடங்கியது. மெண்டலின் பட்டாணி முடிந்து, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, எடுத்துக்காட்டாகப் புறாவின் சிறகுக் கோலத்தைச் சொன்னார்கள். நீலச் சாம்பல் நிறப் புறாவின் சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள் மட்டும் இருந்தால் அது 'பார்'. சிறகு முழுதும் கட்டம் கட்டமாகக் கறுப்புத் திட்டு இருந்தால் அது 'செக்கர்'. செக்கர் ஓங்கு பண்பு. பார் அதற்கு ஒடுங்கியது. ஆகவே செக்கரும் செக்கரும் சேர்ந்தால் பார் குஞ்சு பிறக்கலாம். ஆனால் பாரும் பாரும் சேர்ந்து செக்கர் குஞ்சு பிறக்காது.

எனக்கு வகுப்பிலேயே வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டு ஆண் புறா அசல் செக்கர். வம்சாவளித் தாளில் அதன் தாயும் தகப்பனும் 'ப்ளூ பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது!

அன்று மாலை பேராசிரியர் அவர்களிடம் தனியே போய்க் கேட்டேன். அவர்கள் அவசரப்படவில்லை. சில பார் புறாக்களின் சிறகில் புகை படிந்தாற்போல ஒரு மங்கல் திட்டு இருக்கும், அதைச் செக்கர் என்று மயங்கிவிடக் கூடாது என்று எச்சரித்து, படம் எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துப் போனேன். பார்த்துவிட்டு, "செக்கர்தான் அம்மா. அந்தத் தாள்தான் தப்பு" என்றார்கள்.

அண்ணன் வியாபாரிக்குத் தொலைபேசி செய்தார். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, பெல்ஜியத்துக் குளிருக்கும் நம்ம ஊரு வெயிலுக்கும் கலரு மாறத்தான் செய்யும்." மெண்டல் இதைக் கேட்டிருந்தால் பட்டாணித் தோட்டத்தையே உழுது போட்டிருப்பார்.

இப்படிச் சிறகைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. தாளில் 'செக்கர்' என்று போட்டிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். காலில் இருக்கும் வளையமும் இதற்கு உதவாது. குஞ்சு பிறந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில், விரல்கள் சிறியனவாக இருக்கும்போதே மூடிய வளையத்தைக் காலில் ஏற்றிவிடுவார்கள். கால் பருத்தபின் அது கழலாது. ஆகையால் எந்த ஆண்டு பிறந்தது, எந்தச் சங்கத்தின் எண் என்பதற்கு வளையம் சாட்சி. யார் பிள்ளை என்பதற்கு அது சாட்சியல்ல. வியாபாரி கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நல்ல ஜோடியிடம் நிறையக் குஞ்சு எடுப்பதற்காக அதன் முட்டைகளை எடுத்துச் சாதாரணப் புறாவின் கூட்டில் வைத்து அடைகாக்க விடுவது புறா வளர்ப்போர் எல்லோரும் செய்வதுதான். பதினேழு, பதினெட்டு நாள் அடைகாலம் முடிவதற்குள் எந்தக் கூட்டில் எந்த முட்டை என்பது மறந்து போகலாம். ஒரே கூண்டில் பல ஜோடிகள் இருந்தால், கற்புக்குப் பேர்போன புறாவும் அண்டை வீட்டுக்காரனை ஒரு முறை ஏறெடுத்துப் பார்த்திருக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இங்கேதான் டி.என்.ஏ. சோதனை வருகிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்பவர் 1984-ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டது இது. அடுத்த ஆண்டே, இங்கிலாந்துக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு கானா நாட்டுச் சிறுவன் தன் தாயின் மகன்தான் என்று நிலைநாட்ட இது பயன்பட்டது. நம் நாட்டில் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் டாக்டர் லால்ஜி சிங் இதற்குத் தனி வழி கண்டார். கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. துண்டையே கருவியாகக் கொண்டு மனிதனின் அடையாளத்தைக் கண்டறிந்தார். 1980-களின் இறுதியில் தலைச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற வழக்கில் இந்தச் சோதனை சாட்சியாயிற்று. 1991-இல் கேரள உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்தியாவில் டி.என்.ஏ. தீர்த்து வைத்த முதல் தகப்பன் வழக்கு என்று அதைச் சொல்கிறார்கள். தலைச்சேரி நமக்கு அயலூர் அல்ல. நம் மாநிலத்தின் மாகேயிலிருந்து பேருந்தில் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும் ஊர்.

சோதனையின் தத்துவம் எளிது. டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் உண்டு: ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. தாய்ப்புறாவின் எண்கள் 10, 14 என்றும், தகப்பனுடையவை 12, 15 என்றும் வைத்துக்கொள்வோம். குஞ்சுக்கு 14, 12 இருந்தால் சரி. 14, 11 இருந்தால் அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது? எப்போதாவது இயற்கையே ஓர் எண்ணை மாற்றிவிடுவதுண்டு. ஆகவே ஓர் இடத்தில் பொருந்தாததை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று இடங்களில் பொருந்தவில்லை என்றால் 'இவன் தகப்பன் அல்லன்' என்று துணிந்து சொல்லிவிடலாம். சோதனைக்கு வேண்டியதும் அதிகம் இல்லை. பிடுங்கிய சில இறகுகளின் அடிக்காம்பு போதும்; அல்லது ஒரு துளி இரத்தம். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவையின் சிவப்பணுவில் உண்டு. எனவே ஒரு துளியிலேயே வேண்டிய அளவு டி.என்.ஏ. கிடைத்துவிடும். அதே இறகை வைத்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுவார்கள். புறாவில் இது சின்ன விஷயமல்ல. 'ஜோடி' என்று வாங்கி வந்து ஆறு மாதம் முட்டைக்குக் காத்திருந்து, பிறகு இரண்டும் ஆண் என்று கண்டுபிடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பந்தயக் குதிரைகளுக்கு இது ஏற்கனவே விதியாகிவிட்டது. குட்டியின் டி.என்.ஏ. தாய் தகப்பனோடு ஒத்துப்போனால்தான் வம்சப் பதிவேட்டில் அதற்கு இடம். ஐரோப்பாவில் பெரிய ஏலப் புறாக்களுடனும் இச்சான்று சேர்ந்தே வருகிறது. நம் பக்கத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு புறாவைக் கையில் எடுத்துக்கொண்டு "டி.என்.ஏ. சான்று இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆனால் சென்னையில் புறாப் பந்தயம் சின்ன விளையாட்டல்ல. 2015-இல் வந்த 'மாரி' படத்துக்குப் பிறகு புறாவைத் தொடாதவர்களுக்கும் அது தெரியும். படத்தில் வந்தது உயரப் பறக்கும் புறாக்களின் போட்டி. ஹோமர் பந்தயம் வேறு: நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வண்டியில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, எது தன் கூண்டுக்கு எந்த வேகத்தில் திரும்புகிறது என்று கணக்கிடுவார்கள். அதில் ஈடுபடுவோர் பெரும்பாலும் அண்ணனைப் போன்ற உழைப்பாளிகள்தாம். அவர்களுக்கு விற்கப்படும் 'பெல்ஜியம் இரத்தம்' எல்லாம் உண்மையானால், பெல்ஜியத்தில் இந்நேரம் புறாவே மிஞ்சியிருக்காது என்பது என் சந்தேகம்.

ஆகவே சோதனை வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் விஞ்ஞானம் படிக்கிறவர்கள் ஒன்றை உயர்த்திப் பேசும்போது அதன் ஓட்டைகளையும் சொல்லிவிடுவது நேர்மை.

முதல் ஓட்டை, இறகைப் பிடுங்குகிறவர் கையில் இருக்கிறது. சோதனைச்சாலைக்குப் போவது புறா அல்ல. ஓர் உறையில் போட்ட நான்கு இறகு. வியாபாரி உண்மையான வாரிசின் இறகை அனுப்பிச் சான்று வாங்கி, வேறொரு புறாவை நம் கையில் கொடுத்தால்? சோதனை உண்மை, சான்று உண்மை, புறா மட்டும் பொய்! ஆகையால் வாங்குகிறவர் கண்முன்னே, வளைய எண்ணைப் படித்துப் பார்த்து, இறகு பிடுங்கி, உறையை ஒட்ட வேண்டும். தாய் தகப்பன் இரண்டின் இறகும் அப்படியே வேண்டும். தகப்பன் செத்துப் போயிற்று, விற்றாயிற்று, பெல்ஜியத்தில் இருக்கிறது என்றால், அதன் பழைய டி.என்.ஏ. பதிவாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை. குஞ்சின் எண்கள் மட்டும் தனியே எதையும் சொல்லாது. இதை அறியாமல் 'டி.என்.ஏ. எடுத்த புறா' என்று சொல்வதைக் கேட்டு மயங்குகிறவர்களும் உண்டு.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. 'அல்லன்' என்று சொல்லுவதில் இச்சோதனை வலுவானது. 'ஆம்' என்று சொல்லுவதில் அது நிகழ்தகவுக் கணக்கு. பந்தயப் புறாக்காரர்கள் நல்ல இரத்தம் கலையக் கூடாதென்று அண்ணன் தங்கை, மாமன் மருமகள் முறையிலெல்லாம் புறாக்களைச் சேர்த்து வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட கூண்டில் தகப்பனுக்கும் சிற்றப்பனுக்கும் பல இடங்களில் ஒரே எண்கள்தாம் இருக்கும். குறைவான இடங்களைப் பார்த்துச் சோதித்தால், சிற்றப்பன் பிள்ளைக்கும் தகப்பன் சான்று கிடைத்துவிடலாம். எத்தனை இடங்கள் பார்த்தீர்கள் என்று சோதனைச்சாலையைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு பி.எஸ்ஸி. தங்கை வீட்டில் இருந்தால் நல்லது!

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வியை எழுப்பியவர் அண்ணன்தான். இந்தக் கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏ பாப்பா, காலேஜுக்குப் போய் இதைத்தான் கத்துக்கிட்டியா? யாரு பெத்த பிள்ளைன்னு பாத்துதான் மதிப்புன்னா, உன்னை எவன் சேத்திருப்பான்?"

நான் வாயடைத்துப் போனேன். பிறப்பால் எல்லோரும் நிகர் என்று சொன்ன வள்ளுவரை மேடைதோறும் போற்றுகிறோம். பாரதிதாசன் பிறந்த மண்ணில் வாழ்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் 'எந்த வகையறா' என்று கேட்டால் எரிச்சல்படுகிறேன். அப்படிப்பட்ட நான் புறாவுக்கு மட்டும் குலம் விசாரிக்கலாமா?

இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றிய விடை இது. புறாவின் குலத்தை விலைக்கு வைத்தவர் வியாபாரிதான், சோதனை அல்ல. பதினான்காயிரத்தில் புறாவுக்கு ஆயிரம், அந்தத் தாளுக்குப் பதின்மூன்றாயிரம். பணம் வாங்கிக்கொண்டு ஒன்றைச் சொல்கிறவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரி வந்தால் அரிசியின் சுவையை அவர் தீர்மானிப்பதில்லை. கல்லின் எடையைத்தான் பார்க்கிறார். டி.என்.ஏ. சோதனையும் அப்படியே. இந்தப் புறா உயர்ந்தது என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. ஒரு தாய் தகப்பனுக்கு ஒரே கூட்டில் பிறந்த இரண்டு குஞ்சுகள்கூடச் சராசரியாகப் பாதி அளவே மரபணுவில் ஒத்திருக்கும். வெற்றிவீரனின் பாதி எந்தப் பாதி குஞ்சுக்கு வந்தது என்று தாளில் எழுதியிருக்காது. புகழ்பெற்ற தகப்பனின் பிள்ளைகளில் பெரும்பாலானவை சாதாரணப் புறாக்களே என்பது அண்ணனுக்கு மெண்டலைப் படிக்காமலே தெரியும்.

'தூய இரத்தம்' என்ற பேச்சையும் விஞ்ஞானமே உடைத்துவிட்டது. ஹோமர் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தார் பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்புப் புறா. அதற்கு முன்பே நம் அக்பர் சக்கரவர்த்தி இனங்களைக் கலந்து புறாக்களை மேம்படுத்தியதாக அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். அக்பரின் அரண்மனையோடு இருபதாயிரம் புறாக்கள் போகும் என்பதை டார்வினும் தம் நூலில் எடுத்துச் சொல்கிறார். அவரே புறா வளர்த்து, இலண்டன் புறாச் சங்கங்களில் சேர்ந்து பழகியவர். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 2018-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எங்கள் வீட்டு ஆண் புறாவின் சிறகில் இருக்கிறதே அந்தச் செக்கர் கோலம், அது மாடப்புறாவுக்குச் சொந்தமே அல்ல என்று கண்டார்கள். ஆப்பிரிக்காவின் புள்ளிப் புறா என்ற வேறோர் இனத்திலிருந்து எப்போதோ கலப்பில் வந்து சேர்ந்ததாம்! நான்கு தலைமுறைத் தாளை நீட்டுகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மனிதருக்கு இச்சோதனையைக் கொண்டுவரும்போது கதை வேறாகிவிடுகிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். இங்கே ஒரு காகிதத்தில் அப்பன் பெயர், பாட்டன் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதை வைத்தே ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது தீர்மானமாகிறது. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் எத்தா-சிவில் பதிவுகளைத் தேடி அலைவதை நாம் பார்க்கிறோம். 2007-இல் பிரான்சு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: குடும்பத்தோடு சேர விசா கேட்கும் பிள்ளை, தாயின் பிள்ளைதான் என்று டி.என்.ஏ. சோதனையால் காட்டலாம் என்று. அங்கேயே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2009-இல் அத்துறை அமைச்சரே அதை நடைமுறைப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தகப்பன் சோதனை செய்துகொள்வதே பிரான்சில் சட்டவிரோதம். பெற்று வளர்த்த உறவை எண்களாக மாற்ற அவர்கள் தயங்கியது சரியென்றே நினைக்கிறேன். வளர்த்தவன் தகப்பன் என்பது மனிதருக்குப் பொருந்தும். புறாச் சந்தையில் யாரும் தகப்பன் பாசத்தை விற்கவில்லை, பெயரை விற்கிறார்கள்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "அதுக்கு ஆகுற செலவு?" என்றார். நியாயமான கேள்வி. முந்நூறு ரூபாய்ப் புறாவுக்குச் சோதனை செய்வது பைத்தியக்காரத்தனம். அதைப் பறக்கவிட்டுப் பார்ப்பதே சோதனை. இனப்பெருக்கத்துக்கென்று பெரிய விலைக்கு வாங்கும் ஜோடிக்கு, சோதனைச் செலவு விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்குமானால் செய்தே ஆக வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. செலவு யாருடையது என்றால், பொருந்தினால் வாங்குகிறவருடையது, பொருந்தாவிட்டால் விற்றவருடையது. முடிவு வரும் வரை விலையில் பாதி பொதுவான ஒருவர் கையில் இருக்கட்டும். தனி ஆள் இப்படிக் கேட்டால் "போய்யா" என்பார்கள். புறா வளர்ப்போர் சங்கங்கள் சேர்ந்து கேட்டால் வியாபாரி இறங்கி வருவார். சங்கமே தன் உறுப்பினர்களின் நல்ல ஜோடிகளை ஒருமுறை சோதித்து எண்களைப் பதிவு செய்து வைத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு குஞ்சுக்கும் குஞ்சின் இறகு மட்டும் போதும். தாய் தகப்பனை மறுபடி மறுபடி சோதிக்கும் செலவு இல்லை. நம் கல்லூரி விலங்கியல் துறை இதில் ஓர் உதவி செய்யலாம். சோதனை நடத்தும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும், முறையாக இறகு எடுத்து உறையிட்டு எண்ணிடுவதைப் புறாக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுக்க நம்மால் முடியும். பார், செக்கர் பாடத்தையும் சேர்த்துச் சொன்னால், காசு செலவில்லாமலே பாதிப் பொய்த் தாள்கள் கிழிந்து போகும்.

பொய்த் தாளோடு வந்த அந்த ஆண் புறாவை என்ன செய்தீர்கள் என்று வகுப்புத் தோழிகள் கேட்கிறார்கள். வியாபாரி பணத்தைத் திருப்பித் தரவில்லை. அண்ணனும் புறாவைத் திருப்பித் தரவில்லை. இந்த மார்கழியில் செங்கற்பட்டில் ஐந்து புறாக்களைத் திறந்துவிட்டோம். மூன்று வந்து சேர்ந்தன. முதலில் வந்தது அதுதான். நாலு தலைமுறைத் தாள் இப்போது அம்மாவின் மளிகை டப்பாவுக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது. சென்ற மாதம் அந்தப் புறாவுக்கு இரண்டு குஞ்சு பொரிந்தன. வளையம் போடும் நாளில் அண்ணன் புது நோட்டு ஒன்றைக் கொடுத்து என்னையே எழுதச் சொன்னார். குஞ்சின் எண், பொரிந்த தேதி, தாயின் எண், தகப்பனின் எண் எழுதினேன். தகப்பனின் தகப்பன் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரியாதுன்னு எழுது" என்றார் அண்ணன்.